விடுப்புக் கேட்கிற உத்தியோகம்

என்னுடைய வேலை என்னவென்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பல வருடம் முயன்றேன். பிள்ளைகள் வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பது, தாய் தகப்பனோடு கதைப்பது, பள்ளிக்கூடத்தோடு கதைப்பது, பிறகு வந்து எல்லாவற்றையும் எழுதுவது என்றெல்லாம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஊர் விடுப்புக் கேட்கிறதுக்குச் சம்பளம் தாறாங்கள்" என்றார்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்றால் லீவு இல்லை. அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிகிற ஆவல். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற குணம். அதோடு விண்ணாணமும், அதாவது அதிமேதாவித்தனமும், சேர்ந்தால் அந்த ஆளை ஒருவரும் வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் சிறுவர் சமூக சேவையில் இதற்கு ஒரு கௌரவமான பெயர் உண்டு: புரொபெஷனல் கியூரியோசிற்றி, அதாவது தொழில்முறை ஆவல். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் இந்தச் சொல் வரும். ஒரு பிள்ளை இறந்து அதைப் பற்றி விசாரணை அறிக்கை வெளிவந்தால், அது போதாமல் போனது என்று கட்டாயம் ஒரு பந்தி இருக்கும். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு வராதே, கண்ணால் பார், திருப்பிக் கேள், நீயே ஒரு விளக்கம் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளாதே என்பதுதான் அதன் சாரம். எனக்கு அம்மாவின் சொல்தான் பிடித்திருக்கிறது. அதில் வெட்கம் இருக்கிறது. இன்னொருவருடைய வீட்டில் அவர் தந்த கதிரையில் இருந்துகொண்டு, "ராத்திரி ஆர் எங்கே படுத்தவை?" என்று கேட்பதற்கு உண்மையில் வெட்கம் கெட வேண்டும்.

14 வருடமாக லண்டனில் இந்த வேலையில் இருக்கிறேன். வெள்ளைக்காரர் வீடு, சோமாலிக்காரர் வீடு, ருமேனியர் வீடு, எங்கே போனாலும் இந்த வெட்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிடுவேன். தமிழ் வீடுகளில்தான் அது முடியாமல் போனது. ஆரம்ப காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குடும்பம் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எந்தக் கவுன்சில், அதாவது எந்த உள்ளூராட்சி சபை, என்றும் சொல்லப்போவதில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வந்திருந்தது. எட்டு வயதுப் பெண்பிள்ளை. வகுப்பில் தூங்கி விழுகிறாள், காலையில் பிந்தி வருகிறாள், கெட்டிக்காரியாக இருந்தவள் இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். வீட்டில் தாய், தகப்பன், மூன்று வயதுத் தம்பி. காயம் என்று ஒன்றுமில்லை, பிள்ளையும் எதுவும் சொல்லவில்லை. உதவி தேவைப்படுகிற பிள்ளைகளுக்கான, 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு மதிப்பீடு செய்யச் சொல்லி என் பெயரில் போட்டார்கள். குழுவில் நான் மட்டும்தான் தமிழ்.

கதவைத் திறந்ததும் அந்தத் தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கள் தமிழே! வாங்கோ தங்கச்சி, வாங்கோ. வெள்ளைக்காரி வந்து என்னத்தைக் கேட்கப்போறாளோ எண்டு ரெண்டு நாளாய் நித்திரை இல்லை." சாம்பிராணி வாசம். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியைச் சாமி அறையாக்கியிருந்தார்கள். வாசலில் சப்பாத்துத் தட்டு நிறைந்து, கீழேயும் நாலைந்து சோடி பரவிக் கிடந்தது. என்னுடையதையும் கழற்றி ஓரமாக வைத்தேன். தேத்தண்ணி வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கடலை வடையும் வந்தது.

பிள்ளை தாயின் கதிரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேட்டதற்கு ஓம், இல்லை என்றாள். நான் அதை எப்படி எழுதினேன் தெரியுமா? "பெரியவர்களிடம் மரியாதையுள்ள, நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை." களைப்பைப் பற்றிக் கேட்டேன். கிழமை நாட்களில் ரியூசன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை பரதம் என்றார் தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அப்படித்தானே வளர்ந்தேன். மேலே கூட்டிக்கொண்டுபோய் அறையைக் காட்டினார். இளஞ்சிவப்பு விரிப்புப் போட்ட கட்டில், சுவரில் ஒட்டின குதிரைப் படம், தலையணையில் ஒரு கரடிப் பொம்மை. எல்லாம் வடிவாக இருந்தது. நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். கார் கதவைச் சாத்தும்போது மதிப்பீட்டின் கடைசிப் பந்திகூட மனதில் எழுதி முடிந்திருந்தது.

அந்தக் கிழமை என் மேற்பார்வைச் சந்திப்பு. என்னுடைய மனேஜர் ஒரு அயர்லாந்துக்காரி, ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சம் இருந்தவர். நான் எழுதியதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பிள்ளை தன்ர சொக்ஸை எங்கே வைக்கிறாள்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தெரியாது என்றேன். "ரியூசனுக்கு எந்த ரீச்சரிடம் போகிறாள்?" தெரியாது. "களைப்பாக இருக்கிற பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று அவளிடம் கேட்டாயா, தாயிடம் கேட்டாயா?" தாயிடம்தான். "இதில் பாதி உன்ர வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய்" என்று சொல்லித் தாள்களைத் திருப்பித் தந்தார். போவதற்கு முன், லேமிங் அறிக்கையில் ஒரு பகுதியைத் திரும்ப வாசித்துவிட்டுப் போ என்றார்.

இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த அறிக்கை அது. விக்ரோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுப் பிள்ளை 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 25 அன்று லண்டனில் இறந்தாள். ஐவரி கோஸ்ட்டில் இருந்த தாய் தகப்பன், படிக்கட்டும் என்று தகப்பனுடைய பெரியம்மா முறையான ஒருத்தியோடு அனுப்பிய பிள்ளை. உடம்பில் 128 காயங்கள் இருந்தன. லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் சில சமூக சேவைப் பிரிவுகள், இரண்டு ஆஸ்பத்திரிகள், பொலிஸ் எல்லாம் அவளைக் கண்டிருந்தன. ஒருவருக்கும் அவளுடைய உண்மையான பெயர் தெரியாது. கூட்டி வந்தவள் தன் மகள் அன்னா என்று சொன்னாள், எல்லாக் கோப்பிலும் அன்னா என்றே எழுதப்பட்டது. லோர்ட் லேமிங் விசாரித்து 2003 ஜனவரியில் 108 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டார்.

மனேஜர் வாசிக்கச் சொன்ன பகுதி சிறியது. கூட்டி வந்த பெண்ணுக்கு முன்னால் விக்ரோரியா ஆமிக்காரன் மாதிரி விறைத்து நிற்பாள் என்று சமூக சேவையாளருக்குத் தகவல் வந்திருக்கிறது. ஆபிரிக்க, கரீபியக் குடும்பங்களில் மரியாதையும் கீழ்ப்படிவும் முக்கியம், அதனால் அப்படி நிற்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். விசாரணைக்கு வந்த தாய் தகப்பனோ, எங்களோடு இருந்தபோது அவள் ஒருநாளும் அப்படி நின்றதில்லை என்றார்கள்.

நான் எழுதிய மரியாதையுள்ள பிள்ளை என் மேசையில் கிடந்தாள். கையைக் கட்டிக்கொண்டு.

லேமிங் பாவித்த ஒரு சொல்லை மரியாதை குறையாத ஐயம் என்று தமிழில் சொல்லலாம். பெற்றோரை மதிக்கலாம், அதற்காக அவர்கள் சொன்னதெல்லாம் சரியென்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கேட்க லேசாக இருக்கிறது. எங்கட ஆக்கள் முன்னால் அது லேசில்லை. வடையைச் சாப்பிட்டு முடித்த கையோடு ஐயப்படுவதற்கு ஊரில் வேறு பெயர்.

அடுத்த கிழமை சொல்லாமல் போனேன். பின்னேரம் நாலரை மணி. இந்த முறை வாசலில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று சப்பாத்துகளை எண்ணினேன். தாயுடைய செருப்பு, பிள்ளைகளின் சின்னச் சோடிகள், தகப்பனுடையது என்று சொல்லக்கூடிய ஒரு கறுப்புச் சோடி. அதற்குப் பிறகும் ஆம்பிளைச் சப்பாத்து நாலு சோடி மிச்சம். ஒன்று வேலைத்தளங்களில் போடுகிற, முன்பக்கம் இரும்பு வைத்தது. எட்டு, ஒன்பது, பதினொன்று என்று அளவும் வெவ்வேறு. முதல் முறையும் இவை இருந்தன, நானும் பார்த்தேன். தமிழ் வீடென்றால் ஆட்கள் வந்து போவார்கள்தானே என்று நானே பதில் சொல்லிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன்.

சப்பாத்தை எண்ணுவது எனக்கு அன்றைக்குப் பழகியது. இங்கிலீஷ்காரர் வீட்டில் இந்த வசதி இல்லை, சப்பாத்தோடு உள்ளே போய்விடுவார்கள். 2007 ஆகஸ்டில் வட லண்டனில் இறந்த பீற்றர் கொனலி என்ற 17 மாதக் குழந்தையை எட்டு மாதத்தில் சுமார் 60 தடவை டொக்டர்மாரும் பொலிசும் சமூக சேவையாளர்களும் கண்டிருந்தார்கள். இறப்பதற்கு நாலு நாள் முன்னர் சமூக சேவையாளர் போனபோது முகத்திலும் கையிலும் சொக்லேட் அப்பியிருந்தது, காயங்கள் தெரியவில்லை. அதைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட உறைப்பது வேறொன்று. தாயின் சிநேகிதன் அந்த வீட்டிலேயே குடியிருந்தான், கடைசியில் அவனுடைய தமையனும் வந்து தங்கியிருந்தான். யாருடைய கோப்பிலும் அப்படி ஒரு வீடு இல்லை. ஒரு தாயும் பிள்ளைகளும் மட்டும் இருக்கிற வீடுதான் இருந்தது.

சரி, என்னுடைய கதைக்கு வருகிறேன். தம்பி அழுதுகொண்டிருந்தான், தாய் குசினியில் நின்றார். பிள்ளையோடு தனியக் கதைக்க வேண்டும் என்று கேட்டேன். முகம் மாறினாலும் ஓம் என்றார். நானும் பிள்ளையும் மேலே இளஞ்சிவப்பு அறைக்குப் போனோம். இந்த முறை நான் தாயோடு கதைத்த தமிழை விட்டு, அவள் பள்ளிக்கூடத்தில் கதைக்கிற இங்கிலீஷில் தொடங்கினேன். எந்த மொழி யாருடைய மொழி என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கொவென்றியில் 2012இல் பட்டினி கிடந்து, அடிபட்டு இறந்த நாலு வயது டானியல் பெல்காவின் அறிக்கையை வாசித்தால், அவனுடைய போலிஷ் மொழியில் வீட்டைப் பற்றி அவனிடம் யாரும் கேட்டதாக ஒரு வரி பதிவில் இல்லை.

"எனக்குக் கால் குளிருது. உன்ர சொக்ஸ் ஒரு சோடி காட்டுறியா, என்ன கலர் எண்டு பார்ப்பம்" என்றேன்.

அவள் எழும்பினாள். அந்த அறையில் இருந்த அலுமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. கதவைத் திறந்து, படியிறங்கி, கீழே முன் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டு ஒரு பெரிய கடைப் பையை இழுத்து எடுத்தாள். அதற்குள் அவளுடைய உடுப்பெல்லாம் மடித்து இருந்தது. பள்ளிக்கூடச் சட்டை இரண்டு, உள்ளாடை, ஒரு கதைப் புத்தகம், பல் துலக்குகிற பிரஷ். அடியிலிருந்து பூனைப் படம் போட்ட சொக்ஸ் ஒரு சோடியை எடுத்து என் கையில் தந்தாள். தந்துவிட்டுக் குசினிப் பக்கம் பார்த்தாள்.

தாய் வாசலில் கையில் அகப்பையோடு நின்றார். சோறு அவியும் சத்தம் கேட்டது.

மூன்று அறை வீட்டில் இரண்டை வாடகைக்கு விட்டிருந்தார்கள். நாலு பேர், எல்லோரும் எங்கட பெடியள்தான். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, கட்டட வேலை, ஒருவர் சாமான் களஞ்சியத்தில். மிச்ச அறையில் தாயும் தகப்பனும் சின்னவனும். மூத்தவளுக்குச் சோபா. முன் அறையால்தான் எல்லோரும் வெளியே போய் வர வேண்டும். ஒருவர் பத்து மணிக்குப் போவார், ஒருவர் ஒரு மணிக்கு வருவார், ஒரு அங்கிள் வேலை முடிந்து வந்து ரிவி பார்ப்பார். அப்போது தலையணையை முகத்துக்கு மேல் வைத்துக்கொண்டு படுப்பாளாம். நான் வருகிறேன் என்று கடிதம் போனதும் ஒரு பெடியனை நண்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடையில் போய் இளஞ்சிவப்பு விரிப்பு வாங்கியிருக்கிறார்கள். கரடிப் பொம்மையில் விலைச் சீட்டு இன்னும் தொங்கியது. அதையும் முதல் முறை பார்த்திருக்கிறேன்.

தாய் முதலில் அழவில்லை, கோபப்பட்டார். "நீங்களும் தமிழ்தானே? உங்களுக்குத் தெரியாததே? லண்டனில வாடகைக்கு விடாத தமிழ்ச் சனம் ஆர்?" அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அவர்களுடைய விசாவில் அரசாங்கக் கொடுப்பனவு எதுவும் எடுக்கக் கூடாது என்று அடித்திருந்தது. தகப்பன் கடையில் நின்று உழைப்பது வாடகைக்கே போதாது. பிள்ளையைத் துன்பப்படுத்த வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விகள்தான் உண்மையில் கஷ்டமானவை. இந்த நாலு பேரும் யார், எப்படிப் பழக்கம், முழுப் பெயர் தெரியுமா, எப்போது வந்தவர்கள், அவர்களில் யாரோடாவது பிள்ளை தனிய இருக்கிற நேரம் உண்டா. ஒவ்வொன்றுக்கும் தாயின் முகம் கறுத்தது. "அவையள் தம்பிமார் மாதிரி" என்றார். ஒருவருடைய உண்மையான பெயர் தாய்க்குத் தெரியவில்லை. ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் ஊரில் அப்படிப் பல மாமாக்கள் இருந்தார்கள், அவர்களுடைய பெயர் இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் அந்தக் கேள்வி வாயில் வரப் பிந்தியது.

தேட வேண்டியதைத் தேடினோம், பிள்ளையோடு பள்ளிக்கூடத்தில் வைத்து இன்னும் நாலு தடவை கதைத்தேன். நித்திரையைத் தவிர வேறு பிரச்சினை எதுவும் வெளிவரவில்லை. 17ஆம் பிரிவில் கொஞ்சம் காசு ஒதுக்கினோம். விசா நிபந்தனையை மாற்றச் சொல்லி உள்துறைக்கு விண்ணப்பிக்க ஒரு சட்ட உதவி நிலையத்தில் ஆள் பிடித்துக் கொடுத்தோம், அது சரிவந்தது. இரண்டு பெடியள் வேறு இடம் போனார்கள். இளஞ்சிவப்பு விரிப்பு உண்மையிலேயே அவளுடையதாகியது. ஆறு மாதத்தில் கோப்பை மூடினேன்.

என் அறிவு உதவிய இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு தமிழ்க் குழந்தையின் முதுகுக்குக் கீழே நீலமாக இருக்கிறது, அடித்த காயமாக இருக்கலாம் என்று ஒருமுறை பதறிப்போய்க் கூப்பிட்டார்கள். எங்கட குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே அப்படி இருப்பது சாதாரணம், சிவப்புப் புத்தகத்தில், அதாவது குழந்தையின் சுகாதாரக் குறிப்பேட்டில், குறித்திருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். குறிக்கவில்லை. அப்போது நான் முன்பு பிழைவிட்டது ஞாபகம் வந்தது. எனக்குத் தெரியும் என்பதோடு நிற்காமல், பிள்ளை வைத்தியரிடம் காட்டி எழுதி வாங்கச் சொன்னேன். பிறவி அடையாளம்தான்.

தமிழ்க் குடும்பங்களில் பலர் தமிழ்ச் சமூக சேவையாளர் வேண்டாம் என்று கேட்பார்கள். முன்பு எனக்குக் கவலையாக இருக்கும். வெள்ளைக்காரிக்குச் சொன்னால் கவுன்சிலுக்கு மட்டும்தான் தெரியும், எங்கட ஆளுக்குச் சொன்னால் கோயில்வரை போய்விடும் என்று பயம். விடுப்பு என்ற சொல்லின் மற்றப் பக்கம் இது. இன்னொரு வகையும் உண்டு: தமிழ் ஆள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள். அங்கேதான் நான் இப்போது கூடுதல் கவனமாக இருக்கிறேன். தேத்தண்ணி வந்துகொண்டே இருக்கும், ஊர் எது, யாருடைய மகள் என்று விசாரணை நடக்கும், கடைசியில் மணியைப் பார்த்தால் பிள்ளைகளை நான் இரண்டு நிமிடம்கூடக் கண்டிருக்க மாட்டேன். இப்போது போனதும் முதலில் பிள்ளைகளைப் பார்க்கிறேன், தேத்தண்ணி பிறகு. "உங்களுக்குத் தெரியும்தானே" என்று யாராவது தொடங்கினால், தெரியாது அக்கா, சொல்லுங்கோ என்கிறேன். எரிச்சலோடுதான் சொல்வார்கள். ஆனால் அப்போதுதான் வாடகைக்கு இருக்கிற பெடியனின் பெயர் வரும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, அந்தப் பழைய சம்பவங்களில் இருந்தவர்கள் ஏன் இதைக்கூடக் கேட்கவில்லை என்று யாரும் எழுதவேண்டாம். ஒரு கட்டத்தில் என் கையில் 22 குடும்பங்கள் இருந்தன. அவ்வளவு இருந்தால் முதலில் செத்துப்போவது இந்த விடுப்புத்தான். நாற்பது நிமிடத்தில் வெளியே வரத்தான் மனம் வழி தேடும். என்னுடைய மனேஜருக்கு ஒரு மணித்தியாலம் இருந்தபடியால் சொக்ஸைப் பற்றிக் கேட்டார். அவர் ஓய்வுபெற்ற பிறகு வந்தவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்கவில்லை. எங்கள் சந்திப்புகள் எத்தனை கோப்பு எத்தனை நாள் பிந்தியிருக்கிறது என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டு வருடம் கழித்து, ஆகஸ்டில், ஈலிங் அம்மன் கோயில் தேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடம் பிடித்த சனம் தெருவை மூடி நின்றது. சனத்துக்குள் அந்தப் பிள்ளையைக் கண்டேன். வளர்ந்திருந்தாள், பாவாடை சட்டை, தலையில் கனகாம்பரம். வெளியில் கண்டால் நாங்களாகப் போய்க் கதைக்கக் கூடாது, அவர்கள் விரும்பினால் கதைக்கலாம். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். தாய் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் தகப்பன், சின்னவன், அதற்கும் அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத இரண்டு பெடியள். அதில் ஒருவன் சின்னவனைத் தோளில் தூக்கி வைத்திருந்தான்.

கால் தானாக ஒரு அடி முன்னுக்கு வைத்தது. நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு விடுப்பு, தமிழ்நாட்டு அர்த்தத்தில்.